நாமக்கல்லுக்கு டி.சி. வாங்கும் முன் ஏழரை சதவீதத்தைக் கணக்குப் பாருங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாயின் கேள்வி. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான், இப்போது பிளஸ் ஒன் உயிரியல் பிரிவு. "ராமநாதபுரம் முகவரியை வைத்துக்கொண்டு நல்ல கல்லூரி கிடைக்காது, நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடு, நீட்டில் தேறிவிடுவாள்" என்று தாய்மாமா தினமும் போன் செய்கிறாராம். கணவர் விசைப்படகுத் தொழிலாளி. நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார்.

வைக்காதீர்கள் அம்மா. உங்கள் அண்ணன் நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆனால் கணக்குத் தெரியாமல் சொல்கிறார்.

தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் மாவட்டத்துக்கென்று ஒதுக்கீடு கிடையாது. 2021-22இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியில்கூட ராமநாதபுரத்துப் பிள்ளைக்கு முன்னுரிமை இல்லை. எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பள்ளி என்று கேட்பார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021இலும் வந்தது. தனித் தரவரிசை. நீட் கட்-ஆஃப் பொதுப் பட்டியலைவிட இதில் நன்றாகவே இறங்கி நிற்கும். இதில் இடம் பெற்றவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் ஐந்து வருடமாகச் சேர்த்த இந்தத் தகுதி அன்றைக்கே போய்விடும். டாக்டர் ஆக்குவதுதான் நோக்கம் என்றாலும் அவள் இருக்கும் பள்ளியே அவளுக்கு லாபம்.

இந்தக் கடற்கரையில் பலர் ஏமாறுவது இன்னோர் இடத்தில். கோயில் பக்கத்திலேயே இருக்கிற அரசு உதவிபெறும் பள்ளியை 'கவர்மென்ட் ஸ்கூல்' என்று நினைத்துப் பிள்ளைகளை அங்கே மாற்றுகிறார்கள். 7.5 சதவீதத்தில் உதவிபெறும் பள்ளி சேராது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தில் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவிகளும் உண்டு என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மாநில எல்லை மட்டும் உண்மையிலேயே கணக்கில் வரும். மத்திய அரசின் பொறியியல் கல்லூரிகளான என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தவருக்கு. அதை முடிவு செய்வது ரேஷன் கார்டு அல்ல, பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் தேறினார்கள் என்பது. கோச்சிங்குக்காக ராஜஸ்தானில் இருக்கிற கோட்டா நகரத்துக்கு அனுப்பி அங்கேயே பிளஸ் டூ எழுத வைத்தால் திருச்சி என்.ஐ.டி.யில் வெளிமாநிலத்துப் பிள்ளை ஆகிவிடுவார்கள். நம் கரையோரத்திலேயே காரைக்காலில் இருக்கிற என்.ஐ.டி. புதுச்சேரிக் கணக்கு, அங்கே நாம் எப்போதுமே வெளிமாநிலம்தான்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். 'படகு வந்ததும் ஓடிப்போய் எந்த மீனுக்குள் முட்டை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பாள், சொன்னால் கேட்பதில்லை' என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பி.எஃப்.எஸ்சி. என்ற நான்கு வருட மீன்வள அறிவியல் படிப்பைக் குடும்பத்தில் யாராவது ஒருமுறையாவது பேசினார்களா?

நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் படிப்பு இது. நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். இயற்பியல், வேதியியல், உயிரியல் இருக்க வேண்டும், அவளுக்கு இருக்கிறது. உங்களுக்குக் கிட்டே தூத்துக்குடிக் கல்லூரி, 1977இல் தொடங்கியது. கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போய்விடலாம். 7.5 சதவீதம் இங்கேயும் உண்டு. அதற்கு மேல் மீனவர் பிள்ளைகளுக்கென்றே தனி ஒதுக்கீடும் உண்டு. முகவரி கெடுதல் என்றாரே உங்கள் அண்ணன், அப்பாவின் தொழிலே இங்கே தகுதியாக நிற்கிறது.

இறால், மீன் வளர்ப்பு, மீன் நோய், பதப்படுத்துதல், வலையும் படகும், கடல்வளக் கணக்கெடுப்பு எல்லாம் பாடத்தில் வரும். கடைசி வருடத்தில் பண்ணையிலும் தொழிற்கூடத்திலும் மீனவக் கிராமத்திலும் நேரடிப் பயிற்சி. மண்டபத்தில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கடல்விரால் குஞ்சு பொரிக்க வைத்த வேலையும், உங்கள் ஊர்ப் பெண்கள் மிதவை கட்டி வளர்க்கும் கடற்பாசியும் இந்தப் படிப்புக்குள் அடங்கும்.

வேலையைக் கூட்டிச் சொல்ல மாட்டேன். இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் ஆரம்பச் சம்பளம் குறைவு, இரவுப் பணி இருக்கும். மீன்வளத் துறை ஆய்வாளர் பணியிடங்கள் வருடா வருடம் வருவதில்லை. ஆனால் அரசு வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கு இந்தப் பட்டம் செல்லும். மூன்று வருட விலங்கியல் பட்டம் அதற்குச் செல்லாது. இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேலே படிக்க மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது.

இடங்கள் குறைவு, ஆகவே மதிப்பெண் வேண்டும். விடுதிப் பள்ளிக்குக் கொட்டவிருந்த பணத்தில் சிறு பங்கு போதும், உள்ளூரிலேயே இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் டியூஷன் வைக்க.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பிளஸ் டூ முடிவு, விண்ணப்பம் எல்லாம் அந்த 61 நாளில்தான் வரும், வீட்டில் வரும்படி நின்றிருக்கும். வட்டிக்கு வாங்க வைப்பது அந்த நேரம். ஆகவே சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் பிப்ரவரிக்குள் இ-சேவையில் எடுத்துவிடுங்கள். கணவரின் மீனவர் நலவாரிய அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் பாருங்கள். ஆதார், மதிப்பெண் பட்டியல், நலவாரிய அட்டை மூன்றிலும் தகப்பன் பெயர் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும்; ஒன்றில் 'அந்தோணி', இன்னொன்றில் 'அந்தோனி' என்றிருந்தால் சான்று சரிபார்க்கும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆறாம் வகுப்பு வேறு அரசுப் பள்ளியில் என்றால் அந்தத் தலைமையாசிரியரிடமும் படித்ததற்கான சான்று வாங்க வேண்டும். அவர் மாறுதலில் போகும் முன் இந்த மாதமே போய்வாருங்கள்.