விரியனின் பெயர்களும் பப்மெட்டும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நீங்கள் மருத்துவக் கல்லூரி நூலகராக இருந்தவர் என்பதால் இதைக் கேட்கிறேன். நான் எம்.எஸ்ஸி நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி. கண்ணாடி விரியன் கடித்து வருபவர்களுக்கு ஏற்படும் சிறுநீரகச் செயலிழப்பைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் தளத்தில் 'ஸ்னேக் பைட்ஸ் ஆண்ட் அக்யூட் கிட்னி இன்ஜூரி ஆர் அக்யூட் ரீனல் ஃபெயிலியர்' என்று தேடினால் பல்லாயிரக்கணக்கில் கட்டுரைகள் வருகின்றன. பெரும்பாலானவற்றில் பாம்பே இல்லை. கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரான 'ரஸல்ஸ் வைப்பர்' என்பதை மேற்கோள் குறிக்குள் இட்டு, தமிழ்நாடு என்பதையும் சேர்த்து, மனிதர்கள், இலவச முழுக்கட்டுரை என்ற வடிகட்டிகளையும் அழுத்தினால் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. "இவ்வளவுதானா?" என்கிறார் என் வழிகாட்டி. எங்கே தவறு செய்கிறேன்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் தேடலில் உள்ள பிழை மிகச் சிறியது; ஒரு ஜோடி அடைப்புக்குறி. பப்மெட் தனக்குக் கொடுத்த வாக்கியத்தை இடமிருந்து வலமாக, வந்த வரிசையிலேயே கணக்கிடும். எனவே அது முதலில் பாம்புக்கடியும் சிறுநீரகக் காயமும் சேர்ந்து வரும் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு 'அல்லது அக்யூட் ரீனல் ஃபெயிலியர்' என்று நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்று, உலகில் அந்தப் பெயரில் எழுதப்பட்ட எல்லாக் கட்டுரைகளையும் கொண்டுவந்து கொட்டிவிட்டது. அவற்றுக்கும் பாம்புக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சிறுநீரகச் செயலிழப்பின் இரண்டு பெயர்களையும் ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. ஆண்ட் (இரண்டும்), ஆர் (ஏதேனும் ஒன்று), நாட் (தவிர்த்து) ஆகிய மூன்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது தேடலின் பிழை ஆழமானது. அதைச் சொல்ல, பப்மெட் எதன்மேல் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1879-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ் 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்ற, மருத்துவக் கட்டுரைகளின் மாதாந்தரப் பட்டியலைத் தொடங்கினார். 2004-ஆம் ஆண்டின் இறுதி வரை அது அச்சில் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் நூலகத்தில் அதற்கென்றே ஒரு சுவர் இருந்தது. ஆண்டுத் தொகுதி ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்து, பொருள்தலைப்பைக் கண்டுபிடித்து, அதன் கீழுள்ள கட்டுரைகளைச் சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பொருள்தலைப்புகளைச் சீர்ப்படுத்தி 1960-இல் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் வெளியிட்ட சொற்பட்டியல்தான் மெஷ். கட்டுரையின் ஆசிரியர் எந்தச் சொல்லை எழுதினாலும், நூலகம் தன் பட்டியலில் உள்ள ஒரே சொல்லின் கீழ் அதைச் சேர்த்துவிடும். 1996-இல் பப்மெட் வந்தபோதும் 1997-இல் அது எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டபோதும் இந்த முறை மாறவில்லை. ஆகவே பப்மெட்டில் ஒரு கட்டுரைக்கு இரண்டு முகவரிகள் உண்டு: ஆசிரியர் தலைப்பிலும் சுருக்கத்திலும் எழுதிய சொல் ஒன்று, நூலகம் இட்ட தலைச்சொல் இன்னொன்று. இரண்டிலும் தேடுபவருக்கே முழுப் பட்டியல் கிடைக்கும்.

உங்கள் பாம்பையே எடுத்துக்கொள்வோம். மேற்கோள் குறிக்குள் 'ரஸல்ஸ் வைப்பர்' என்று கேட்டால் அந்தச் சொற்கள் அதே வடிவில் இருக்கும் கட்டுரைகள் மட்டுமே வரும். இந்தப் பாம்போ பல பெயர்களில் திரிந்திருக்கிறது. பழைய கட்டுரைகளில் வைப்பெரா ரஸெலி; இன்று டபோயா ரஸெலியை. பர்மாவிலும் தாய்லாந்திலும் உள்ள இனத்தைத் தனியாகப் பிரித்த பிறகு அது டபோயா சியாமென்ஸிஸ். சிறுநீரகப் பாதிப்பைப் பற்றிய நல்ல ஆய்வுகள் அங்கிருந்தும் வந்திருப்பதால் அதை விடவும் முடியாது. இதோடு எழுத்துக்கூட்டல் குழப்பம் வேறு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே பாம்புகளை ஆராய்ந்த பேட்ரிக் ரஸலின் பெயரில் ஆங்கில 'எல்' இரண்டு. 1797-இல் பாம்புக்குச் சூட்டப்பட்ட அறிவியல் பெயரில் ஒன்றுதான். பின்னால் வந்தவர்களில் சிலர் அதைத் திருத்துவதாக எண்ணி இரண்டாக்கினார்கள், சிலர் கடைசி 'ஐ'யைக் குறைத்தார்கள். இத்தனைக்கும் ஒரே மருந்து நட்சத்திரக் குறி. ரஸலின் பெயரில் முதல் 'எல்' வரை ஆறு எழுத்தை மட்டும் அடித்து அதை ஒட்டி நட்சத்திரம் இட்டால், அதற்குப் பின் என்ன வந்தாலும் பப்மெட் ஏற்றுக்கொள்ளும். ரஸல் என்ற பெயருள்ள வேறு விஷயங்களும் கூடவே வரும் என்பதால் 'வைப்பர்', 'வைப்பெரா', 'டபோயா' ஆகியவற்றில் ஒன்றும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். நூலகத்தின் தலைச்சொல் 'டபோயா'. பாம்புக்கடிக்கு 'ஸ்னேக் பைட்ஸ்'. இவற்றையும் 'ஆர்' போட்டுச் சேர்த்தால் விரியன் என்ற பாதி முடிந்தது.

சிறுநீரகப் பாதி எளிது. இருபதாண்டுகளுக்கு முன் 'அக்யூட் ரீனல் ஃபெயிலியர்' என்றவர்கள் இன்று 'அக்யூட் கிட்னி இன்ஜூரி' என்கிறார்கள். மெஷ் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. விரியன் கடியில் பேசப்படும் கார்டிகல் நெக்ரோசிஸையும் (சிறுநீரகத்தின் புறப்பகுதித் திசு அழிதல்) டயாலிசிஸையும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதிகளையும் தனித்தனியே அடைப்புக்குறிக்குள் வைத்து, நடுவில் ஓர் 'ஆண்ட்' இடுங்கள்.

தேடிய பிறகு 'அட்வான்ஸ்ட்' பக்கத்துக்குப் போய், 'டீடெயில்ஸ்' என்ற இடத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். நீங்கள் எழுதியதைப் பப்மெட் என்னவாகப் புரிந்துகொண்டது என்பது அங்கே வரிவரியாக இருக்கும். சும்மா ஒரு சொல்லை அடித்தால் அதற்கு இணையான மெஷ் தலைச்சொல்லை அது தானாகவே சேர்த்துக்கொள்ளும்; மேற்கோள் குறியோ நட்சத்திரமோ இட்டால் அந்த உதவியை நிறுத்திவிடும். மேற்கோள் குறி போட்டதும் தேடல் துல்லியமாகிவிட்டது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில், கூடவே வந்துகொண்டிருந்த ஓர் உதவியாளரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இனி வடிகட்டிகள். 'மனிதர்கள்' என்ற வடிகட்டி மெஷ் தலைச்சொல்லை நம்பி வேலை செய்கிறது. மெஷ் தலைச்சொல் இடப்பட்ட கட்டுரைகளின் தொகுப்புக்கு மெட்லைன் என்று பெயர்; அதில் சேராத இதழ்களின் கட்டுரைகளும் பப்மெட்டில் ஏராளமாக உண்டு. அவற்றுக்குத் தலைச்சொல்லே கிடையாது. நம் நாட்டு இதழ்கள் பலவும் இந்த வகைதான். அந்த வடிகட்டியை அழுத்திய கணமே உங்களுக்கு மிகவும் வேண்டிய கட்டுரைகள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிடுகின்றன.

இதில் நான் பட்ட ஒரு பாடு உண்டு. தொண்ணூறுகளில் மெட்லைன் குறுந்தகட்டில் வந்தது. பாம்புக்கடி நோயாளிகளைப் பற்றி ஒரு பேராசிரியர் கட்டுரைகள் கேட்டார். எலி, முயல் ஆய்வுகள் வேண்டாமே என்று நானாக 'நாட் அனிமல்ஸ்' சேர்த்து, மெலிந்த ஒரு பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தேன். அவர் கையில் ஏற்கெனவே இருந்த இரண்டு கட்டுரைகள்கூட அதில் இல்லை. உட்கார்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது: பாம்பும் விலங்குதான். கடிபட்ட மனிதரைப் பற்றிய கட்டுரைக்கும் நூலகம் 'மனிதர்', 'விலங்கு' என்று இரண்டு குறியும் இட்டிருக்கிறது; நான் விலங்கை விலக்கியபோது நோயாளியும் சேர்ந்து போய்விட்டார். மனிதர் குறி இல்லாமல் விலங்குக் குறி மட்டும் உள்ளவற்றையே விலக்க வேண்டும்; அதாவது 'நாட்' என்பதற்குப் பின் அடைப்புக்குறிக்குள் 'அனிமல்ஸ் நாட் ஹியூமன்ஸ்'. உங்கள் தலைப்புக்கு அதுவும் தேவையில்லை. கண்ணால் பார்த்துத் தள்ளிவிடலாம்.

'இலவச முழுக்கட்டுரை' வடிகட்டியைத் தொடவே தொடாதீர்கள். அது கட்டுரையின் தரத்தைப் பார்ப்பதில்லை, பதிப்பகத்தின் பூட்டை மட்டுமே பார்க்கிறது. முதலில் முழுப் பட்டியலை எடுங்கள். பூட்டிக் கிடப்பவற்றுக்குக் கல்லூரி நூலகரிடம் போங்கள், கிடைக்காவிட்டால் கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். பெரும்பாலோர் அனுப்பிவிடுவார்கள்.

தமிழ்நாடு என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். வேலூரில் செய்த ஆய்வின் சுருக்கத்தில் 'தென்னிந்தியாவின் ஒரு மருத்துவமனை' என்று மட்டும் இருக்கலாம். புதுச்சேரி ஜிப்மருக்குத் தமிழ்நாட்டு நோயாளிகள் நிறையவே போகிறார்கள்; அங்கே செய்த ஆய்வு யூனியன் பிரதேசக் கணக்கில் போய்விடும். இடத்தைக் கட்டாயம் வைத்துத்தான் தேட வேண்டுமானால், ஆசிரியர்களின் பணியிடம் பதிவாகியிருக்கும் 'அஃபிலியேஷன்' என்ற புலத்தையும் சேர்த்து, சென்னை, மெட்ராஸ், வேலூர், மதுரை, புதுச்சேரி, பாண்டிச்சேரி என்று ஊர்களாகக் கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் சில சொற்கள் தப்பிவிடும். அதற்குக் குறுக்குவழி, உங்கள் தலைப்புக்கு அச்சாகப் பொருந்தும் ஒரே ஒரு கட்டுரையைப் பிடிப்பது. அதன் பக்கத்தில் கீழே இறங்கினால் அதற்கு இடப்பட்ட மெஷ் சொற்கள் இருக்கும். நீங்கள் விட்ட சொல் அங்கே அகப்படும். அதே பக்கத்தில் அதையொத்த கட்டுரைகளும், அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளும் தனித்தனியே இருக்கின்றன. கட்டுரையின் தலையில் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற குறிப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வந்தால் சரி என்று உங்கள் வழிகாட்டி கேட்டால் எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள். அவருக்கும் உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்த ஐந்தாறு நல்ல கட்டுரைகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். உங்கள் தேடலில் அவை அத்தனையும் விழுந்தால் வலை சரி. ஒன்று விழாவிட்டாலும் அந்தக் கட்டுரையைத் திறந்து, அதன் ஆசிரியர் பாம்பை என்ன பெயரில் எழுதியிருக்கிறார் என்று பார்த்து, அந்தப் பெயரைத் தேடலில் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். கடைசியில் நின்ற தேடல் வாக்கியத்தையும், தேடிய நாளையும், வந்த எண்ணிக்கையையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் மூன்றையும் எழுத வேண்டியிருக்கும்.