புதுப் போனில் பற்றரி நாலு மணிக்கே தீர்கிறதா?

தம்பி, போன் வாங்கி மூன்று நாள்தான், காலையில் 100 வீதம் இருந்தது வாகரையில் வேலை முடிவதற்குள் 15க்கு இறங்கிவிடுகிறது, கடையில் திருப்பிக் கொடுக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். புதுப் போன் முதல் சில நாட்கள் பழைய படங்களை இறக்கும், செயலிகளைப் புதுப்பிக்கும். ஒரு வாரம் பாருங்கள்.

நான் சந்தேகப்படுவது சிக்னலைத்தான். கோபுரம் தூரமாக இருந்தால் போன் அதை எட்டுவதற்குக் கூடுதல் சக்தியைச் செலவழிக்கும். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயலுக்குப் போகும் நாளெல்லாம் என் போனில் ஒற்றைக் கோடுதான். சட்டைப் பையில் சும்மா கிடந்தே சூடாகிவிடும். டவுனில் அதே போன் இரவு வரை தாங்கும். நீங்கள் இரண்டு சிம் போட்டிருந்தால், வாகரையில் சிக்னல் எடுக்காத சிம்மை நிறுத்திவையுங்கள். 5ஜியை விட்டு 4ஜிக்கு மாற்றுங்கள். வெயிலில் திரை வெளிச்சம் தானாக ஏறுவதும் பற்றரியைத் தின்னும்.

அப்புறம், செட்டிங்ஸில் பற்றரி பகுதிக்குப் போய் எந்தச் செயலி மேலே நிற்கிறது என்று பாருங்கள். சிக்னல் நன்றாக உள்ள வீட்டிலும், திரை அணைந்திருக்கும்போது ஒரே இரவில் 20, 30 வீதம் இறங்கினால் அது போனின் பிழையாக இருக்கலாம். அப்போது பில்லோடு கடைக்குப் போங்கள், வாரண்டி இருக்கும்போதே.