இருட்டுக்காலத்தில மத்தியானத்தை விட்டுடாதையும்

தம்பி, நோர்வேயின்ர வடக்கில இருக்கிற ட்ரொம்சோவுக்கு வந்து மூண்டு மாதத்துக்குள்ள விடிய எழும்பேலாமல் கிடக்கு, வேலை முடிஞ்சால் படுக்கைதான், இது ஏதும் வருத்தமோ எண்டு கேட்டிருக்கிறீர். எனக்கும் முதல் வருசம் இப்பிடித்தான் இருந்தது. ஊரில வெளிச்சம் வந்து எழுப்பிவிடும். இஞ்ச நவம்பர் 27 அளவில கீழ போற சூரியன் ஜனவரி நடுப்பகுதி மட்டும் மேல வராது.

ஆனால் முழு இருட்டில்லை. டிசம்பர் 21இலகூட மத்தியானம் ரெண்டு மூண்டு மணித்தியாலம் ஒரு நீல வெளிச்சம் இருக்கும். வானம் வெளிச்சாக் கிடந்தால் தெற்குப் பக்கம் ரோசா நிறமாகும், ஸ்னோ அதைத் திருப்பி அடிக்கும். நான் அந்தக் காலத்தில மீன் பக்டரியில யன்னல் இல்லாத அறைக்குள்ள நிண்டன், சனி ஞாயிறில ரெண்டு மணி மட்டும் படுத்தன். டிசம்பர் முழுக்க அந்த வெளிச்சத்தை நான் காணேல்லை. பிறகு கூட வேலை செய்த ஒரு நோர்வேக்கார அம்மா சாப்பாட்டு நேரத்தில கையைப் பிடிச்சு வெளியில கூட்டிக்கொண்டு போனா. ஒவ்வொரு நாளும் இருபது நிமிசம். எனக்கு அதுதான் உதவினது. காற்றடிச்சாலும் போம். சப்பாத்துக்குக் கீழ ஆணி வைச்ச ப்ரொடர் மாட்டும், ஐஸில விழுந்து கை முறிச்ச எங்கட ஆக்கள் கனபேர்.

லீவு நாளிலயும் ஒரே நேரத்துக்கு எழும்பும். 10,000 லக்ஸ் வெளிச்சம் தாற விளக்கு ஒண்டு வாங்கி, விடிய தேத்தண்ணி குடிக்கேக்க அரை மணித்தியாலம் பக்கத்தில வையும். பின்னேரம் போடாதையும், நித்திரை குழம்பும். கண் வருத்தம் இருந்தால் முதல் டொக்டரைக் கேளும்.

அந்த விளக்கு வைட்டமின் டி தராது. கனபேர் இதில பிழை விடுகினம். ஒக்டோபரில இருந்து மார்ச் மட்டும் இஞ்சத்தை வெயிலில எந்தத் தோலும் அதைச் செய்யாது, எங்கட கறுத்தத் தோலுக்குக் கோடையிலயும் கூட வெயில் வேணும். ஒரு தேக்கரண்டி கொட் மீன் ஈரல் எண்ணெயில 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி இருக்கு. பெயரில ஆர் (R) எழுத்து வாற மாதமெல்லாம் குடி எண்டு நோர்வேக்காரர் பிள்ளைகளுக்குச் சொல்லுவினம்.

ரெண்டு கிழமைக்கு மேல சாப்பாடும் பிடிக்காமல், ஒண்டிலயும் மனம் போகாமல் இருந்தால் சமாளிச்சுக்கொண்டு இராதையும். உமக்குப் பதிஞ்ச டொக்டரிட்டப் போம். வெக்கப்பட ஒண்டுமில்லை.

மலை மறைக்கிறதால சூரியன் டவுனுக்குத் தெரிய ஜனவரி 21 ஆகும். அண்டைக்கு எல்லாரும் ஜாம் வைச்ச பணிஸ் தின்னுவினம். தைப்பொங்கல் அதுக்கு ஒரு கிழமை முந்தி வரும். சூரியனைக் காணாமலே தெற்குப் பக்கம் பாத்துப் பொங்குவம். நீரும் எங்கட வீட்டை வாரும்.