மூச்சு வாங்கும்போது நடக்கலாமா? நுரையீரல் நோயும் உடற்பயிற்சியும்: வாசகர் கேள்விகள்

கோலாலம்பூரில் நுரையீரல் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோ நான். எனக்கு வரும் கேள்விகளில் பலவற்றை நோயாளி கேட்பதில்லை. பயந்துபோன மனைவியோ மகளோதான் கேட்கிறார்கள்.

என் கணவருக்கு வயது 67. லோரி ஓட்டியவர், சிகரெட்டை விட்டுவிட்டார். சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கிக் காற்று வெளியேறத் தடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்கிறார்கள். வாசல் வரை போய் வந்தாலே மூச்சு வாங்குகிறது. நடக்க வைத்தால் நுரையீரல் இன்னும் கெட்டுப்போகாதா? (செந்தூல் வாசகி)

கெட்டுப்போகாது அம்மா. மூச்சு வாங்குவது வேறு, நுரையீரல் சேதமாவது வேறு. பாசத்தில் நீங்கள் அவரை நாற்காலியிலேயே உட்கார வைத்தால் முதலில் கரைவது தொடைச் சதை. பலமில்லாத கால் சின்ன வேலைக்கே சீக்கிரம் களைத்துப்போகும், அதற்கு ஈடுகொடுக்க மூச்சு இன்னும் வேகமாகும். அதைப் பார்த்துப் பயந்து அவர் இன்னும் கொஞ்சம் உட்காருவார். நோயோடு இதுவும் சேர்ந்துதான் ஆளை முடக்குகிறது.

பயிற்சியால் நுரையீரல் பழையபடி ஆகிவிடாது. ஊதிப் பார்க்கும் சோதனையில் எண் பெரிதாக மாறாது. ஆனால் கால் தேறும், இளைப்பு குறையும், நடக்கும் தூரம் கூடும். 65 ஆய்வுகளில் 3,822 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பும் இதையேதான் சொன்னது.

எவ்வளவு நடப்பது? இளைப்புக்கு 0 முதல் 10 வரை அவரையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். 0 என்றால் இளைப்பே இல்லை, 10 என்றால் தாங்க முடியாது. பயிற்சியின்போது 4 முதல் 6 வரை போகலாம். பேச்சு விட்டுவிட்டு வரும், ஆனால் நின்றுவிடாது. 2 நிமிடம் நடந்து 1 நிமிடம் நிற்கட்டும், மறுபடி நடக்கட்டும். வாரங்கள் போகப் போக நடை மொத்தம் 20 நிமிடத்தைத் தொட்டால் நல்லது. அதோடு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, 8 முதல் 12 தடவை. பலர் நடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தொடைக்கு இதுவும் வேண்டும்.

மூச்சு முட்டினால் பெரும்பாலானோர் தோளைத் தூக்கித் தூக்கிக் காற்றை உள்ளே இழுக்கப் பார்க்கிறார்கள். இந்த நோயில் சிக்கல் காற்றை வெளியே விடுவதில்தான். பழைய காற்று உள்ளே தங்கிவிட்டால் புதுக் காற்றுக்கு இடமிருக்காது. அதனால் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றட்டும். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, சூடான தேத்தண்ணியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து நாலு எண்ணும் வரை விடட்டும். வேகமாக வேலை செய்யும் பம்ப்பை (வாயால் இழுக்கும் மருந்து, இன்ஹேலர்) மருத்துவர் கொடுத்திருந்தால், நடைக்கு முன் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இதய நோய் இருந்தால் மருத்துவர் சரி என்ற பிறகே தொடங்குங்கள்.

அப்பா எங்கள் பிளாட்டில் இரண்டு மாடி ஏறினால் இரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டும் கருவி 86 சதவீதம் காட்டுகிறது. பயிற்சியை நிறுத்திவிடலாமா? (ஜாலான் ஈப்போ)

அன்றைய ஏற்றத்தை நிறுத்துங்கள், பயிற்சியையே கைவிட வேண்டாம். 88-க்குக் கீழே இறங்கினால் நின்று, எண் மீண்டும் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். இப்படி அடிக்கடி நடந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சிலருக்குப் பயிற்சியின்போது மட்டும் ஆக்சிஜன் தேவைப்படும். எவ்வளவு என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். சி.ஓ.பி.டி. உள்ள சிலருக்கு அளவுக்கு மீறிய ஆக்சிஜன் இரத்தத்தில் கரியமில வாயுவை ஏற்றிவிடும்.

இன்னொன்றும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். எண் நன்றாக இருந்து ஆள் தவித்தால், ஆளை நம்புங்கள். குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சு போட்ட விரலிலும் எண் தப்பாக வரலாம்.

தினமும் பிராணாயாமம் செய்கிறேன், மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே எழுப்பும் மூன்று பந்துக் கருவியிலும் இழுக்கிறேன். போதாதா?

போதாது. இரண்டுமே காலுக்கு வேலை கொடுப்பதில்லை. பந்துக் கருவி பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குப் பின் கொடுப்பது. நிதானமான மூச்சுப் பயிற்சியைத் தொடருங்கள். மூச்சை அடக்குவதும் வேகவேகமாக விடுவதும் வேண்டாம்.

அம்மாவுக்கு 61 வயது, மூச்சுக்குழாய் விரிவு நோய் (மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கும்). தைப்பூசத்தில் பால்குடம் எடுத்துப் பத்துமலை ஏறுவதாக நேர்ந்திருக்கிறார். முடியுமா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

ஏறலாம், தைப்பூசத்தன்று வேண்டாம். கூட்டம் பின்னாலிருந்து நெருக்கும்போது நினைத்த இடத்தில் நிற்க முடியாது. சாம்பிராணிப் புகை வேறு. பால்குடமும் வேண்டாம் என்பேன். கையைத் தூக்கிப் பிடித்தால், இளைப்பில் மூச்சுக்கு உதவும் கழுத்து, தோள் தசைகள் பாரம் சுமக்கப் போய்விடும். சும்மா ஏறுவதைவிட அதிகமாக மூச்சு வாங்கும். பாலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் உங்களோடு ஏறட்டும். முருகன் கோபிக்க மாட்டான்.

மொத்தம் 272 படி. சில வாரங்களுக்கு முன்பே வீட்டு மாடிப்படியில் பழக்குங்கள். முதலில் ஒரு மாடி, பழகியதும் இரண்டு. நின்று மூச்சை இழுக்க வேண்டும், விட்டுக்கொண்டே இரண்டு படி ஏற வேண்டும். மறுபடி நிற்க வேண்டும். இளைப்பு 6-ஐத் தொடும் முன்பே கைப்பிடியைப் பிடித்து ஓய்வெடுக்கட்டும். தாண்டிவிட்டால் மீள நேரமாகும். சாதாரண நாளில் விடிகாலையில், சளியை வெளியேற்றிவிட்டு, வயிறு முட்டப் பசியாறாமல் போங்கள். பம்ப் இருந்தால் சட்டைப் பையில் இருக்கட்டும். கைப்பையைக் குரங்கு பறித்துக்கொண்டு ஓடிவிடும்.

புகைமூட்ட நாட்களில்?

காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே நடக்க வேண்டாம். 100-க்குக் கீழே இருந்தாலும் இருமல் வந்தால் வீட்டுக்குள் வந்துவிடுங்கள். சன்னலைச் சாத்திவிட்டு நாற்காலிப் பயிற்சி செய்யலாம். அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி அரைக் கிலோ, கைப் பயிற்சிக்கு அதுவே போதும். பேரங்காடிக்குள் நடப்பவர்களும் உண்டு. என்95 முகக்கவசத்தோடு பயிற்சி வேண்டாம், மூச்சு இன்னும் கடினமாகும்.

மாமா இளைப்பு முற்றி மருத்துவமனையில் ஆறு நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறார். நன்றாகத் தேறியபின் பயிற்சி தொடங்கலாம் என்று பார்க்கிறோம்.

அவ்வளவு நாள் தள்ளாதீர்கள். ஆறு நாள் படுக்கையில் கால் எவ்வளவு இளைத்திருக்கும் என்று அவர் நிற்கும்போது பாருங்கள். வீடு திரும்பிய நான்கு வாரங்களுக்குள் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தால், மறுபடி மருத்துவமனை போகும் வாய்ப்பு குறைகிறது.

அமெரிக்காவில் 2014-இல் சி.ஓ.பி.டி.யால் மருத்துவமனையில் இருந்த கிட்டத்தட்ட 2 லட்சம் முதியவர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். 90 நாட்களுக்குள் பயிற்சியில் சேர்ந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. சேர்ந்தவர்களில் அடுத்த ஓராண்டில் இறந்தவர்கள் குறைவு. தெம்பு உள்ளவர்களே சேர்ந்திருக்கலாம் என்பதால் எல்லாப் பெருமையையும் பயிற்சிக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் சேராமல் விட்ட அத்தனை பேரை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பொதுவாக 6 முதல் 8 வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். அடுத்த சந்திப்புத் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். மருத்துவமனை கொடுத்த தாளோடு இந்த வாரமே பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போய், நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அதுவரை மாமா பகலில் மணிக்கு ஒருமுறை எழுந்து கூடம் வரை நடக்கட்டும், கூடவே ஒருவர் போங்கள்.