மாதவிலக்குக்கு முன் சர்க்கரை ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு 26 வயது, டைப் 1 சர்க்கரை நோய். மாதவிலக்குக்கு நாலைந்து நாள் முன்பு, சாப்பாடு மாறாவிட்டாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 200-ஐத் தாண்டுகிறது. இன்சுலினைக் கூட்டினால், ரத்தப்போக்கு தொடங்கியதும் சர்க்கரை இறங்கிக் கை நடுங்குகிறது. என்ன செய்வது, டாக்டர்?

பதில்: உங்கள் மேல் தவறில்லை, அம்மா. கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் கூடும்; அப்போது பலருக்கு உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. இனிப்பைத் தேடும் பசியும் சேர்ந்துகொள்ளும். விலக்கானதும் அந்த ஹார்மோன் சரிந்திருக்கும். கூட்டிய இன்சுலினைக் குறைக்காமல் விட்டால் தாழ்சர்க்கரைதான். பலர் தவறுவது இங்கேதான்.

மூன்று மாதம், விலக்குத் தேதியோடு காலை, சாப்பாட்டுக்கு முன், படுக்கப்போகும் முன் அளவுகளைக் குறியுங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறாது என்பதால் இந்த நோட்டு மிக முக்கியம். அதைப் பார்த்து மருத்துவர் அந்த நாட்களுக்கு மட்டும் நீண்டநேர இன்சுலினைச் சிறிது கூட்டலாம். 20 யூனிட் என்றால் 22 போல. எந்த நாளில் பழைய அளவுக்குத் திரும்புவது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். 250-க்கு மேல் ஏறி வாந்தியும் வந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) பரிசோதனை அவசரம். இன்சுலினை நிறுத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.