மூக்குக்குத் தெரியாத புகை

அடுப்பு, கீசர், சிலிண்டர் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓசூரில் கேஸ் சாதனங்கள் பழுதுபார்க்கும் மெக்கானிக் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், ஓஹியோவில் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறான். வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் கீழ்த்தளத்தில் இருக்கிறது. சில ஃபர்னஸ்களைக் கோளாறு என்று கம்பெனியே திரும்பப் பெறுவதாகக் கேள்விப்பட்டு மருமகள் பயப்படுகிறாள், அலாரம் வாங்க வேண்டும் என்கிறாள். கேஸ் கசிந்தால் வாடை வராதா? டிசம்பரில் பேரனைப் பார்க்கப் போகிறோம். பயப்பட வேண்டுமா? (வாசகி, காவேரிப்பட்டினம்)

அம்மா, மருமகள் சொல்வதுதான் சரி. வாடை வரும் என்று நீங்கள் சொல்வது எரியாத கேஸுக்குத்தான் பொருந்தும். நம் சிலிண்டரிலும் அவர்கள் குழாய் கேஸிலும் வாடைக்கென்றே ஒரு மருந்தைக் கலக்கிறார்கள். அடுப்பில் எரியும்போது அதுவும் சேர்ந்து எரிந்துவிடும். ஃபர்னஸில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் எரிந்த பிறகு வருகிற புகை. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அது ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது.

என் தங்கை மகள் மிச்சிகனில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது எல்லோரும் ஊர் பார்க்கக் கிளம்பினார்கள், நான் கீழ்த்தளத்துக்குப் போய் ஃபர்னஸின் முன்மூடியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டு வாங்கினேன், ஆனால் சங்கதி புரிந்தது. பர்னர் தீ, வளைந்த உலோகக் குழாய்களுக்குள் பாய்கிறது. வீட்டுக் காற்றை ஒரு பெரிய விசிறி அந்தக் குழாய்களின் வெளிப்புறமாக ஓட்டிச் சூடாக்கி அறைகளுக்கு அனுப்புகிறது. உள்ளே ஓடும் புகை தனிக் குழாய் வழியாக வெளியே போய்விடும். புகைக்கும் குழந்தை மூச்சுவிடும் காற்றுக்கும் நடுவே இருப்பது மெல்லிய தகடு மட்டும்தான். ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்கிறார்கள். குளிர்காலம் முழுக்கச் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, வருஷக்கணக்கில் இதே வேலையாக இருக்கும் தகடு வளைவுகளில் விரிசல் விடுகிறது. விசிறி ஓடத் தொடங்கியதும் நீலத் தீ அலைபாய்ந்தாலோ மஞ்சளாக மாறினாலோ சந்தேகப்பட வேண்டியதுதான்.

இப்போது ரீகால், அதாவது கோளாறுள்ள பொருளைக் கம்பெனி திரும்பப் பெறும் விஷயம். அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஒரு மத்திய அரசு அமைப்பு உண்டு. கம்பெனியும் ஆணையமும் சேர்ந்து, எந்த மாடல், எந்த வரிசை எண்கள், என்ன கோளாறு என்று அறிவிப்பார்கள். பொதுவாகச் செலவில்லாமல் சரிசெய்து தருவார்கள், அல்லது மாற்றித் தருவார்கள், அல்லது பணத்தைத் திருப்பித் தருவார்கள். ஆனால் உங்கள் மகன் வாங்கியது பழைய வீடு. ஃபர்னஸை வாங்கியவர் வேறு யாரோ, கம்பெனியிடம் இருப்பது அவர் பெயர், அதுவும் இருந்தால்தான். மகன் வீட்டுக்குக் கடிதம் எதுவும் வராது. மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஒரு பெயர்த்தகடு இருக்கும். அதை போனில் படம் எடுத்து, மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் ஆணையத்தின் இணையதளத்தில் தேடச் சொல்லுங்கள்.

பட்டியலில் எண் இல்லை என்றதும் நிம்மதியாகிவிட முடியாது. 1998-ல் அங்கே ஒரு பெரிய ரீகால் நடந்தது. ஏறக்குறைய 2,50,000 ஃபர்னஸ்களும் பாய்லர்களும் அதில் அடங்கின. கோளாறு இயந்திரத்தில் இல்லை, புகையை வெளியே கொண்டுபோகும் சாம்பல் அல்லது கறுப்பு நிறப் பிளாஸ்டிக் குழாயில். பிளெக்ஸ்வென்ட், அல்ட்ராவென்ட் என்ற பெயர்களில் விற்றார்கள். குழாய் விரிசல் விட்டது, இணைப்புகள் கழன்றன, புகை வீட்டுக்குள்ளேயே வந்தது. ஃபர்னஸின் பெயர்த்தகட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது. அதனால் குழாயையும் கண்ணால் தொடர்ந்துபோய், அது வெளியே போகும் இடம்வரை பார்க்கச் சொல்லுங்கள்.

கம்பெனியே இல்லாமல் போனால் என்ன செய்வது? அதுவும் நடந்திருக்கிறது. கன்சாலிடேட்டட் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் 1983 முதல் 1994 வரை கலிஃபோர்னியாவுக்கென்றே படுக்கைவாட்டு ஃபர்னஸ்கள் செய்தது. பல பிராண்டு பெயர்களில் விற்ற அவை பெரும்பாலும் பரண்களில் உட்கார்ந்திருந்தன. புகையின் நச்சைக் குறைக்க பர்னருக்கு மேலே உலோகக் கம்பிகள் வைத்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பர்னரும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் வெந்து ஓட்டை விழுந்து, அடியில் இருந்த மரம் தீப்பிடித்தது. 2000-ல் ஆணையம் சுமார் 1,90,000 ஃபர்னஸ்களுக்கு எச்சரிக்கை விட்டபோது கம்பெனி திவாலாகியிருந்தது. ஓஹியோவில் உங்களுக்கு அந்த மாடல் கவலை வேண்டாம். பழைய பிராண்டுக்குப் பின்னால் பொறுப்பேற்க ஆள் இருக்கிறாரா என்று விசாரிப்பது நல்லது என்பதற்காகச் சொன்னேன்.

இன்னொன்று. விரிசல் என்று பயமுறுத்திப் புது ஃபர்னஸைத் தலையில் கட்டும் மெக்கானிக் எல்லா ஊரிலும் உண்டு, என் தொழில் எனக்குத் தெரியாதா. கேமரா விட்டு விரிசலைக் காட்டச் சொல்லுங்கள். இன்னொருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அதுவரை ஃபர்னஸ் அணைந்தே இருக்கட்டும். அதற்காகச் சமையலறை ஓவனைத் திறந்துவைத்துக் குளிர்காயக் கூடாது, அது இதைவிட மோசம்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியிலும் ஒன்று. அங்கே விற்கும் அலாரங்கள் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 400 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால் 4 முதல் 15 நிமிஷத்துக்குள் கத்த வேண்டும். 70 பங்குக்கு ஒன்று முதல் நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் ஆயுள் உண்டு, பின்பக்கத் தேதியைப் பாருங்கள். கத்தினால் ஜன்னலைத் திறந்துகொண்டு நிற்காமல் எல்லோரும் வெளியேறி, அப்புறம் அங்குள்ள அவசர உதவி எண் 911-க்குப் போன் செய்யுங்கள்.

உங்களுக்கென்று ஒரு வார்த்தை: போன புதிதில் தலைவலி, குமட்டல், அசதி எல்லாவற்றையும் விமானக் களைப்பு என்று ஒதுக்கிவிடுவீர்கள். காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலைவலி வந்து, வெளியே போனால் தெளிந்தால், அது களைப்பு இல்லை.

கேள்வி: ஓசூரில் வாடகை வீடு. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர். சென்சார் இருக்கிறது, பயமில்லை என்கிறார் கடைக்காரர். (வாசகர், பாகலூர் சாலை)

அந்தக் கடைக்காரர் தன் வீட்டில் எங்கே மாட்டியிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். சின்ன அறை, சாத்திய கதவு, புகைக்குழாய் கிடையாது. மார்கழிக் குளிருக்கு வெண்டிலேட்டரில் காலண்டர் அட்டையைச் செருகிவிடுகிறார்கள், நானே எத்தனையோ உருவிப் போட்டிருக்கிறேன். தீ அறையின் ஆக்சிஜனைத் தின்னத் தின்ன கார்பன் மோனாக்சைடு ஏறுகிறது. குளிப்பவருக்குத் தலை சுற்றும்போது தாழ்ப்பாளை எட்டவும் தெம்பு இருக்காது.

கீசரையும் சிலிண்டரையும் காற்றோட்டமான வெளிச்சுவருக்கு மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். மாற்றும் செலவைப் பற்றி வீட்டுக்காரரிடம் பேசுங்கள். ஒத்துக்கொள்ளும்வரை கதவைத் திறந்துவைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, காற்று மாறியபின் குளியுங்கள். சென்சார் கடைசித் தடுப்புதான். குளியலறையில் மாட்டலாம் என்பதற்கான அனுமதிச் சீட்டு இல்லை.

கேள்வி: தளியில் ராத்திரி நடுங்குகிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, கரிச்சட்டியைப் படுக்கையறையில் வைக்கலாமா? (வாசகர், தளி)

கூடாது. விறகுப் புகையாவது கண்ணை எரித்து எழுப்பிவிடும். கனிந்த கரியில் புகை தெரியாது, விஷம் மட்டும் வரும். இன்னொரு கம்பளி வாங்குங்கள் தம்பி.

கேள்வி: புது கேஸ் அடுப்பின் கண்ணாடி சமைக்கும்போதே வெடித்துச் சிதறியது. கடையில் கைவிரித்துவிட்டார்கள். நம் நாட்டில் ரீகால் எல்லாம் உண்டா? (வாசகி, தர்மபுரி)

உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடலாம். 2022-ல் தரமில்லாத 2,265 பிரஷர் குக்கர்களை வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, திரும்ப வாங்கி, பணம் கொடுக்கும்படி ஒரு பெரிய இணைய விற்பனை நிறுவனத்துக்கு உத்தரவு போட்டார்கள். ஆனால் ஒரு வீட்டில் ஒரு கண்ணாடி வெடித்தது என்று யாருமே எழுதாவிட்டால் அது அந்த ஆணையத்துக்கு எப்படித் தெரியும்?

சிதறிய துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். படம் எடுத்து அட்டைப்பெட்டியோடு வையுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே உள்ள லைசென்ஸ் எண் உண்மையா என்று, அந்த முத்திரையைத் தரும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் பார்க்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. கடைக்காரர் மட்டுமில்லை, செய்த கம்பெனியும் பதில் சொல்ல வேண்டும், மனுவில் இரண்டு பேரையும் சேருங்கள். பில் தொலைந்திருந்தால் யு.பி.ஐ. கட்டிய பதிவு போனில் இருக்கும், அதை எடுத்துக்கொண்டு போங்கள்.