எச்-இன்டெக்ஸ்: எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: ஆண்கள் நலம் பற்றி ஆராயும் ஒரு செவிலியர் துறைப் பேராசிரியருக்கு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் எச்-இன்டெக்ஸ் (ஆய்வுத் தாக்கத்தைக் காட்டும் எண்) அதிகம், ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தில் குறைவு. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். எச்-இன்டெக்ஸ் 40 என்றால், தலா 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 40 கட்டுரைகள் அவருக்கு உண்டு என்று பொருள். இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த கணக்கு இது. ஸ்காலர் ஆய்வேடு, புத்தகம் என்று எல்லாவற்றையும் அள்ளும். ஸ்கோப்பஸ் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டுமே எண்ணும். அதனால் இருவரை ஒப்பிட்டால் ஒரே தளத்தில் ஒப்பிடுங்கள். அதுவும் ஒரே துறைக்குள். புற்றுநோய் மரபணு ஆய்வாளரோடு செவிலியர் ஆய்வாளரை நிறுத்துவது அநியாயம்.

எண்ணில் வேறொருவரின் கட்டுரை கலந்திருக்கிறதா என்று பார்க்க, அவருடைய ஸ்காலர் பக்கத்தை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தி, அடியில் உள்ள பழைய கட்டுரைகளைப் பாருங்கள். அதே முதலெழுத்துள்ள வேறொருவரின் கட்டுரை தானாக ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே மாட்டலாம்.

பிறகு, மேற்கோள் காட்டியது யார் என்று பாருங்கள். ஆண்களின் மனச்சோர்வு எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படலாம் என்ற ஆய்வு, சிகிச்சை வழிகாட்டு நெறிமுறையில் இடம்பெற்றிருந்தால் அதன் எடையே வேறு. அதைத் தேட ஓவர்டன் போன்ற கொள்கை ஆவணத் தளங்கள் உதவும்.